கார் நின்னா வேலை நிக்கும், வேலை நின்னா தவணை நிக்கும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல இருக்கேன், சொந்த ஊர் தேவகோட்டை பக்கம், கல்யாணம் ஆகி 2006ல இங்க வந்தேன். ஒன்பது வருஷம் ஒரு பழைய கார் ஷோரூம்ல ஃபைனான்ஸ் மேசைல வேலை பாத்தேன், அதாவது கார் பிடிச்சுப்போய் உள்ள வர்றவங்களுக்கு லோன் ஃபார்ம் நிரப்பி பேங்குக்கு அனுப்பி கையெழுத்து வாங்குற வேலை. இப்ப அதுல இல்ல. வீட்டுக்காரர் மெக்கானிக். அதனால காரோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு அவர் சொல்லுவார், பேப்பர்ல என்ன இருக்குன்னு நான் சொல்லுவேன், ராத்திரி சாப்பாட்டுல இதுதான் எங்க வீட்டுப் பேச்சு. கம்மி சம்பளக்காரங்க கடன்ல வாங்குற பழைய கார், ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம் இதுதான், நம்ம ஆளுங்க படிக்கிற பத்திரிகைலயே எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க ஐயா, கணக்கோட சொன்னாத்தான் இது புரியும்.

பக்கத்து வீட்டு அக்கா கதைல இருந்து ஆரம்பிக்கிறேன். இங்கேயே பொறந்து வளந்தவங்க, தமிழ் சமையல்கட்டு அளவுக்குத்தான் வரும், ஆனா என்னை தங்கச்சின்னுதான் கூப்பிடுவாங்க. ஏர்போர்ட்ல கிச்சன் வேலை. பழைய ஏர்போர்ட் தெற்குல இசிபிங்கோ பக்கத்துல இருந்தப்ப இங்கேருந்து கால் மணி நேரத்துல போய்டுவாங்களாம். 2010 மே 1ஆம் தேதி கிங் ஷாகா ஏர்போர்ட்ட வடக்குல லா மெர்சில தொறந்தாங்க, பழசை மூடிட்டாங்க, வேலையும் அங்க போச்சு. வீடு மட்டும் போகல. இப்ப ஒரு வழிக்கே 45 கிலோமீட்டருக்கு மேல. விடிகாலை 5 மணி ஷிஃப்ட்டுக்கு 2:50க்கு எந்திரிச்சு, 3:20க்கு ரோட்டுல நிக்கணும், இங்க டாக்ஸின்னா நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி 15 பேர் ஏறுற வேன், அது ரொம்புனாத்தான் நகரும், டவுனுக்கு போய் இறங்கி இருட்டுல இன்னொரு டாக்ஸி ஸ்டாண்டுக்கு நடந்து வேற வேன் மாறணும். ரெண்டு தடவை கைப்பைய புடுங்கிட்டு போயிருக்காங்க, ஒரு தடவை கத்தி காட்டி. மாசம் 2,400 ராண்ட் (இந்த நாட்டுக் காசு) கிட்ட டாக்ஸிக்கே போகும்.

கம்பெனி வண்டி விடாதான்னு கேப்பீங்க. 1997 தொழிலாளர் சட்டத்துல ராத்திரி 6 மணிலேருந்து காலை 6 வரைக்கும் வேலை வாங்கணும்னா போக்குவரத்து வசதி இருக்கணும்னு எழுதிருக்கு. இருக்கணும்னுதான் எழுதிருக்கு, கம்பெனி குடுக்கணும்னு எழுதல. ரோட்டுல ஏதோ ஒரு வேன் ஓடுதுன்னு காட்டிட்டா போதும்.

இந்த தூரம் தானா வந்ததில்ல ஐயா. 1950ல இனவாரியா ஆளுங்கள வேற வேற ஏரியாவுல பிரிச்சு வைக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, கேட்டோ மேனர், கிளேர்வுட், மேகஸின் பேரக்ஸ்னு டவுனை ஒட்டி இருந்த நம்ம ஜனங்கள பேத்து எடுத்து 1960கள்ல சாட்ஸ்வொர்த்துல கொண்டாந்து போட்டாங்க, அப்புறம் 1976ல ஃபீனிக்ஸ். மேகஸின் பேரக்ஸ்ல இருந்தவங்க டர்பன் நகராட்சி கூலிக்காரங்க, பெரும்பாலும் தமிழாளுங்க, வேலைக்கு நடந்து போனவங்க. அவங்க பேரப்புள்ளைங்க இன்னைக்கு 45 கிலோமீட்டர் போறாங்க. பஸ்ஸும் ரயிலும் ஒழுங்கா ஓடணும்னு கேக்க வேண்டியதுதான், நானும் கேக்குறேன், ஆனா 2022 ஏப்ரல் வெள்ளத்துல ரயில் பாதைய தண்ணி அடிச்சுட்டு போனப்ப, அது சரியாகி ரயில் வந்து சேர்ற வரைக்கும் அக்கா ஷிஃப்ட்டு காத்துக்கிட்டு நிக்குமா? அதனால கார்ங்கறது இங்க பகட்டு இல்ல, கடப்பாரை மம்பட்டி மாதிரி ஒரு வேலைச் சாமான்.

2022 செப்டம்பர்ல அக்கா கார் வாங்குனாங்க, சின்ன ஹாட்ச்பேக், பதினோரு வருஷப் பழசு. நான் வேலை பாத்த இடத்துல இல்ல, வேற இடம், பேர் வேணாம். நான் அப்ப ஊருக்கு போயிருந்தேன், எங்க மாமியாருக்கு கண் ஆபரேஷன். திரும்பி வந்து பாத்தா கார் வாசல்ல நிக்குது, மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கி வச்சிருக்காங்க. பேப்பரை காட்டுங்க அக்கான்னேன். கண்ணாடில ஒட்டியிருந்த விலை 1,19,900 ராண்ட். கையெழுத்து போட்ட தொகை 1,40,000. நடுவுல என்ன ஏறுச்சுன்னா ஆன் த ரோடு ஃபீ 5,500, எக்ஸ்டெண்டட் வாரண்டி 11,000, கீறல் நெளிசலுக்கு ஒரு பாலிசி 2,392.50, கடன் ஆரம்பிக்கிறதுக்கான இனிஷியேஷன் ஃபீ 1,207.50. இதுல கடைசியா சொன்னது மட்டும்தான் சட்டம் கணக்கு வச்சிருக்குற கட்டணம், 1,050 உச்சவரம்பு, அதுக்கு மேல 15 சதவீத வாட். மத்ததெல்லாம் வேணாம்னு சொல்லக்கூடியது. அக்காகிட்ட வேணுமான்னு யாரும் கேக்கல, பேனாவ கைல குடுத்து இங்க இங்க இங்கன்னு விரலை வச்சு காட்டிருக்காங்க. அந்த விரலை வைக்கிற வேலையைத்தான் நானும் ஒன்பது வருஷம் பாத்தேன், சொல்ல கூசுது, ஆனா அதான் உண்மை.

வட்டி 18 சதவீதம், 72 மாசம். தவணை 3,193 ராண்ட். மாசாமாசம் சர்வீஸ் ஃபீ 69, பேங்க் கட்டாயம் போடச் சொல்ற இன்சூரன்ஸ் 780. ஆக 4,042. கைக்கு வர்ற சம்பளம் 12,400. பெட்ரோலுக்கே மாசம் 3,000க்கு மேல ஆகும், அது எப்படி சமாளிச்சாங்கன்னா அதே ஷிஃப்ட்டுல வேலை பாக்குற மூணு பொம்பளைங்கள ஏத்திக்கிட்டாங்க, இங்க லிஃப்ட் கிளப்னு சொல்லுவாங்க, ஆளுக்கு 900. அதுல ஒரு புள்ளை ஜூலு, உம்லாசில இருந்து வரும், மத்த ரெண்டும் நம்ம சாட்ஸ்வொர்த் தான். நாலு பொம்பளைங்க ஒரே காருல பாட்டு போட்டுக்கிட்டு போவாங்க. அக்கா 2:50க்கு எந்திரிச்சவங்க 3:45 வரைக்கும் தூங்குனாங்க. ஒரு மணி நேரம் தூக்கம் கூட கெடைச்சா மனுஷி முகமே மாறிப்போகுதுங்கறத அந்த வருஷம்தான் பாத்தேன்.

இங்க ஒரு கணக்கு சொல்றேன், பொறுமையா பாருங்க. அதே 1,40,000த்தை 12 சதவீதத்துல 60 மாசத்துக்கு போட்டா தவணை 3,114. அக்கா கட்டுன 3,193ஐ விட 79 ராண்ட் கம்மி, ஒரு வருஷம் முன்னாடியே கடனும் முடியும். மொத்தத்துல அக்கா கட்ட வேண்டியது 2,29,900 சொச்சம், 12ல இருந்தா 1,86,850 சொச்சம். 43,000 ராண்ட் வித்தியாசம், ஒரே காருக்கு, ஒரே ரோட்டுல ஓடுறதுக்கு. அக்கா கார் வாங்குன சமயம் ப்ரைம் வட்டி, அதாவது பேங்குங்க அடிப்படையா வச்சுக்குற வட்டி, 10ஐ ஒட்டி இருந்துச்சு, அடுத்த வருஷம் 11.75 வரைக்கும் ஏறுச்சு, அப்ப 12ங்கறது ஒண்ணும் தர்மக் காசு இல்ல, நல்ல சம்பளக்காரன் பேங்க்ல வாங்குற வட்டி மாதிரிதான். 18 ஏன் போட்டாங்கன்னா பதினோரு வருஷக் கார், கம்மி சம்பளம், எப்பவோ துணிக்கடை அக்கவுண்ட்ல ரெண்டு மாசம் தவறுனது ரெக்கார்டுல நிக்குது. சட்டப்படி இந்த வகைக் கடனுக்கு ரிப்போ ரேட்டுக்கு (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குங்களுக்கு போடுற வட்டி) மேல 17 சதவீதப் புள்ளி வரைக்கும் போகலாம், அதனால 18ங்கறது தப்பே இல்ல, இன்னும் கூட ஏத்தலாம். சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு நம்மூர்ல சொல்றது இதுக்குத்தான்.

அப்புறம் பலூன்னு ஒண்ணு இருக்கு, அத பத்தி ஒரு வார்த்தை. தவணை ஜாஸ்தியா இருக்கேன்னு ஆள் தயங்குனா, 30 சதவீதத்த கடைசிக்கு தள்ளி வச்சுடலாம்னு சொல்லுவோம். அக்கா கடன்ல அப்படி பண்ணியிருந்தா தவணை 2,865ன்னு அழகா தெரியும், ஆனா ஆறு வருஷம் கழிச்சு 42,000 ராண்ட் மொத்தமா வைக்கணும், கூட்டிப்பாத்தா 18,000க்கு மேல அதிகம், அப்ப காருக்கு வயசு பதினேழு. யாரு வச்சிருப்பா அந்த 42,000? மறுபடியும் கடன் தான். அக்கா அதுல மாட்டல, அது வரைக்கும் சந்தோஷம்.

சரி, கார் கதைக்கு வர்றேன். நாலாவது மாசம் டாஷ்போர்டுல ஏதேதோ லைட் எரிஞ்சுச்சு. வித்த இடத்துக்கு கொண்டு போனாங்க, ஏதோ பண்ணி குடுத்தாங்க. ஆறு வாரத்துல மறுபடி. வாங்க பாக்கலாம், அடுத்த வாரம் வாங்க, பார்ட்ஸ் வரல, இப்படியே இழுத்து ஆறு மாசம் தாண்டிடுச்சு. இந்த ஆறு மாசம்ங்கறது ரொம்ப முக்கியம் ஐயா. 2008 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி டீலர்கிட்ட வாங்குன பழைய காருக்கும் ஆறு மாசத்துக்கு உத்தரவாதம் உண்டு, பழுதா இருந்தா சரி பண்றதா மாத்துறதா காசை திருப்பி வாங்குறதான்னு முடிவு பண்றது வாங்குனவங்க, சரி பண்ணி மூணு மாசத்துக்குள்ள அதே கோளாறு வந்தா அப்புறம் கார மாத்தி குடுக்கணும் இல்ல காசை குடுக்கணும். அவங்க கேக்கலைன்னா கார் வியாபாரத்துப் புகாரை விசாரிக்கிற மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. என்கிட்டயும் சொல்லல, பாவம், புது காருன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டுட்டு கோளாறுன்னு சொல்ல வெக்கம்.

2023 டிசம்பர்ல ஹைவேல கியர் பாக்ஸ் போய் நின்னுடுச்சு, காலை 4 மணிக்கு மேல, உள்ள நாலு பொம்பளைங்க. எங்க வீட்டுக்காரர்தான் போய் கட்டி இழுத்துட்டு வந்தார். வாசல்ல நிறுத்திட்டு முதல்ல அவர் என்ன பண்ணார்னா எஞ்சினையே தொடல, டிரைவர் சீட் பெல்ட்ட பிடிச்சு கடைசி வரைக்கும் இழுத்தார். மேல ஒரு முழம் கருப்பா சுத்தமா இருக்கு, அதுக்கப்புறம் பெல்ட்ல காப்பித்தூள் கலர்ல ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் பூரா வறண்ட சேறு, விரல்ல தேச்சா பொடியா கொட்டுது. கார் தரைல ஒட்டியிருந்த கம்பளிய தூக்குனார், உள்ள ஒயர் முடிச்சு எல்லாம் பச்சை பூத்து கிடக்கு. வெள்ளத்துல முங்குன வண்டி, மேல கழுவி வாசனை அடிச்சு வித்திருக்காங்க. 2022 ஏப்ரல்ல இந்த ஊர்ல 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, ப்ரோஸ்பெக்டன்ல டொயோட்டா ஃபேக்டரிக்குள்ள தண்ணி வந்து ஆயிரக்கணக்கான புது காரு முங்கிப்போச்சு, அத வெளில விக்கக்கூடாதுன்னு அவங்க நொறுக்கிட்டாங்க. தெருவுல முங்குன கார யாரு நொறுக்குனா? அஞ்சாறு மாசத்துல அதெல்லாம் பளபளன்னு விளம்பரத்துல வந்துச்சு, எங்க ஒர்க்‌ஷாப்புக்கே அந்த மாதிரி எத்தனையோ வந்துச்சு, ஒண்ணுகூட பணக்காரங்க வண்டி இல்ல. தயவுசெஞ்சு படிக்கிறவங்க இத மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க, பழைய கார் பாக்க போனா சீட் பெல்ட்ட முழுசா இழுத்து பாருங்க, ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள்ள கையை விட்டு பாருங்க.

ரிப்பேருக்கு 38,000 கேட்டாங்க. 11,000 குடுத்து வாங்குன வாரண்டி தண்ணி புகுந்த வண்டிக்கு செல்லாதுன்னுட்டாங்க. லிஃப்ட் கிளப் உடைஞ்சுது. மறுபடி டாக்ஸி, ஆனா இப்ப டாக்ஸி காசும் குடுக்கணும் தவணையும் கட்டணும். மூணு நாள் லேட்டு, ஒரு வார்னிங் லெட்டர், உம்லாசி புள்ளை வேலையே விட்டுட்டா, அக்காவுக்கு வேலை மணி நேரத்தை குறைச்சுட்டாங்க. ஜனவரியோட பதினாறு தவணை கட்டியிருந்தாங்க, 51,000 ராண்ட். அசல் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்தா 19,600 தான். இன்னும் 1,20,400 நிக்குது, ஓடாத காருக்கு.

பிப்ரவரி மார்ச் தவணை தவறுச்சு. ஒரு நாள் மத்தியானம் ரெண்டு ஆளு, தூக்குற லாரியோட வந்து வாசல்ல நின்னாங்க. நான் வேலைல இருந்தேன். இந்த நாட்டுல கோர்ட் ஆர்டர் இல்லாம யாரும் வீட்டு வாசல்ல வந்து கார தூக்க முடியாது, முதல்ல செக்‌ஷன் 129 நோட்டீஸ், அதாவது பாக்கி இருக்குன்னு எழுத்துல சொல்ற கடுதாசி, வரணும், பத்து வேலை நாள் குடுக்கணும், அதுக்குள்ள கடன் சிக்கலுக்கு வழி சொல்ற டெட் கவுன்சலர்கிட்ட (கடன் ஆலோசகர்) போகலாம். ஆனா நாமளே கையெழுத்து போட்டு குடுத்துட்டா எதுவும் தேவையில்ல. அக்கா போட்டுட்டாங்க. அக்கம்பக்கம் வேடிக்கை பாக்குதேன்னு சீக்கிரம் போகட்டும்னு போட்டுட்டாங்க, அதுதான் அவங்க சொன்னது. ஏலத்துல 41,000க்கு போச்சாம். மிச்சம் 79,000 ராண்டும் செலவும் அக்கா தலைல. இன்னைக்கும் மாசம் ஒரு தொகை கட்டுறாங்க, காரே இல்லாம, 3:20க்கு ரோட்டுல நின்னுக்கிட்டு.

இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. கம்மி சம்பளக்காரங்க கடன் கட்டமாட்டாங்கன்னு சொல்லித்தானே கூட வட்டி போடுறாங்க, ஆனா என் மேசைல ஒன்பது வருஷம் பாத்ததுல தவணை தவறுன கதைல பாதிக்கு மேல கார் முதல்ல நின்னிருக்கும், அப்புறம்தான் தவணை நின்னிருக்கும். கட்ட மனசில்லாம யாரும் தவறல. அப்ப மலிவான வட்டின்னு தனியா, நல்ல காருன்னு தனியா பேசி பிரயோஜனம் இல்ல, ரெண்டும் ஒரே கயிறு. கெட்ட காருக்கு 5 சதவீத வட்டில கடன் குடுத்தாலும் அது தவறும். நல்ல காருக்கு 12ல குடுத்தா அக்கா மாதிரி ஆளு அறுபது மாசமும் கட்டி முடிச்சிருப்பாங்க, இது எனக்கு சத்தியமா தெரியும்.

அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒருத்தர், அவரும் கார் வித்தவர் தான், ஏழைங்கள எப்படி மடக்குறாங்கன்னு உள்ள இருந்து பாத்துட்டு 2001ல போனி கிளாக்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சார். முதல்ல ஆளுக்கு வரவு செலவு வகுப்பு, அப்புறம் அமைப்பே டீலர்கிட்ட விலை பேசுச்சு, பேங்க்ல கம்மி வட்டிக்கு பேசுச்சு, கடனுக்கு ஜாமீனும் அமைப்பே நின்னுச்சு, கார் பெட்ரோல் கம்மியா குடிக்கிற புது பேஸ் மாடல். இத படிச்சப்ப எனக்கு தோணுனது, இது நமக்கு புதுசா என்ன, சீட்டு புடிக்கத் தெரியாத தமிழ் வீடு டர்பன்ல உண்டா? ஆப்பிரிக்க ஜனங்க ஸ்டோக்வெல்னு சொல்றதும் அதேதான். 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்லேருந்து வந்து கரும்புத் தோட்டத்துல இறங்குன கூட்டம், ஷில்லிங் ஷில்லிங்கா சேத்து கோயில் கட்டுச்சு, சர்க்கார் கட்டிக்குடுக்காத இடத்துல பள்ளிக்கூடமும் கட்டுச்சு. அந்தக் கூட்டத்தோட சபைங்கள்ல இன்னைக்கும் பணம் இருக்கு, காவடிக்கு பந்தல் போடுற அளவுக்கு இருக்கு, நல்லாவே இருக்கு. பந்தலை குறைக்கச் சொல்லல. பக்கத்துல இதையும் பண்ணலாம்னு சொல்றேன்.

எப்படின்னா, கோ-ஆபரேட்டிவ் ஃபைனான்ஷியல் இன்ஸ்டிட்யூஷன்னு, அதாவது மெம்பருங்க பணத்துலயே நடக்குற குட்டி கூட்டுறவு பேங்க் மாதிரி, ரிசர்வ் பேங்க் கண்காணிப்புல ஒரு வழி ஏற்கனவே இருக்கு, 200 மெம்பர் வேணும், பங்குப் பணம் 1,00,000 ராண்ட் வேணும். அதாவது ஆளுக்கு 500. ஒரு சபைல 200 பேர் இல்லையா? மூணு சபை சேந்தா 2,000 பேர் வருவாங்க, சாட்ஸ்வொர்த்துல ரெண்டு, ஃபீனிக்ஸ்ல ஒண்ணு. முதல் வருஷம் நேரா கடன் குடுக்கக்கூட வேணாம், இருபது பேருக்கு பேங்க்ல ஜாமீன் நிக்கலாம், நஷ்டம் வந்தா மொத்தக் கடன்ல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் முதல்ல நாங்க தாங்குறோம்னு பணத்தை டெபாசிட்டா வச்சு வட்டிய பேசலாம். 80,000 ராண்ட் கணக்குல இருபது கடன்னா 16 லட்சம், அதுல அஞ்சுல ஒரு பங்கு 3,20,000. இது ஒரு பெரிய கல்யாணச் செலவு ஐயா.

ஆனா ஜாமீன் நிக்கிறதுக்கு முன்னாடி கார நம்ம மெக்கானிக் பாக்கணும், இது மட்டும் விட்டுக்குடுக்கக் கூடாத விஷயம். தூக்கி நிறுத்தி அடில பாக்கணும், கம்ப்யூட்டர் சொருகி பாக்கணும், கோட் 2வா கோட் 3ஆன்னு ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல பாக்கணும், கோட் 2ன்னா சாதாரணப் பழைய வண்டி, கோட் 3ன்னா ஒரு தடவை அடிபட்டு செத்து மறுபடி கட்டுன வண்டி. ரோட்வொர்தி சர்டிஃபிகேட் இருக்குன்னா போதாது, அது அன்னைக்கு பிரேக்கும் லைட்டும் வேலை செஞ்சுதுன்னு மட்டும்தான் சொல்லும், கியர் பாக்ஸ் எத்தனை மாசம் தாங்கும்னு சொல்லாது. அப்புறம் தவணையோட சேத்து மாசம் 200 ராண்ட் ரிப்பேர் உண்டியல், அவங்க பேர்லயே, கார் நின்னா அன்னைக்கே எடுத்து சரி பண்ணி அடுத்த நாள் வேலைக்கு போற மாதிரி. அக்காவுக்கு அந்த உண்டியல் இருந்திருந்தா முழு 38,000மும் வந்திருக்காது, ஆனா லைட் முதல்ல எரிஞ்சப்பவே வெளில ஒரு நல்ல ஆள்கிட்ட காட்ட காசு இருந்திருக்கும், வெள்ளக் கார்னு அப்பவே தெரிஞ்சிருக்கும், ஆறு மாசமும் அப்ப முடிஞ்சிருக்காது.

எல்லாருக்கும் இது ஆகாதுன்னும் ஒத்துக்கணும். 2025 மார்ச்ல குறைஞ்சபட்ச கூலிய மணிக்கு 28.79 ராண்ட்னு வச்சாங்க, மாசம் 195 மணி நேரம் வேலை பாத்தா 5,614. அந்த ஆளை எந்தக் கார் கடன்லயும் இறக்கிவிடுறது பாவம், அவங்களுக்கு பஸ்ஸும் கம்பெனி வண்டியும்தான் வழி, இல்ல லிஃப்ட் கிளப்ல ஒரு சீட். நான் பேசுறது பத்தாயிரத்துலேருந்து பதினஞ்சாயிரம் வாங்குறவங்கள பத்தி, பேங்க் பார்வைல பாதி கதவு தொறந்து பாதி கதவு மூடி நிக்கிற ஆளுங்க, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி க்ளீனிங், ஃபேக்டரி சூப்பர்வைசர். அவங்க ஒரு காருக்குள்ள மூணு கம்மி சம்பளக்காரங்க உட்காருவாங்க.

சபை பெரியவங்க சில பேர்கிட்ட பேசிப்பாத்தேன். ஒருத்தர், கடன் குடுத்தா உறவு கெடும்மான்னார். அண்ணே, இப்ப மட்டும் உறவு நல்லாவா இருக்கு, அக்கா கார தூக்கிட்டு போனப்ப தெரு பூரா ஜன்னல் வழியா பாத்துச்சே தவிர ஒருத்தர் வெளில வந்து அந்த பேப்பரை குடுங்கன்னு கேக்கலையேன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, எழுதிக் குடும்மா, மீட்டிங்ல வைக்கிறேன்னார். அதுக்காகத்தான் இதையும் எழுதுறேன், உங்க பத்திரிகைல வந்தா அதை வெட்டி கூட்டத்துல படிப்பாங்க.

அதுவரைக்கும் யாராவது இந்த மாசமே கார் வாங்க போறீங்கன்னா ரெண்டு விஷயம். அவங்க குடுக்குற கொட்டேஷன் அஞ்சு வேலை நாளுக்கு செல்லும், 2005 கிரெடிட் சட்டத்துலயே இருக்கு, அந்த அஞ்சு நாளைக்குள்ள அதே விலை அதே வட்டிய அவங்க மாத்த முடியாது. இன்னைக்கே போட்டாத்தான் இந்த ரேட்டுன்னு யாராவது சொன்னா பேப்பரை மடிச்சு பைல வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க. ரெண்டாவது, நாம கடன் கட்டுன விவரம் எல்லாம் இருக்குற கிரெடிட் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், கார் பாக்க போறதுக்கு மூணு மாசம் முன்னாடியே வாங்கி பாருங்க, கட்டி முடிச்ச பழைய கடன் இன்னும் பாக்கின்னு நிக்குறத எத்தனையோ பேருக்கு நான் பாத்திருக்கேன், எழுதிப்போட்டு அத அழிச்சா வட்டி இறங்க வாய்ப்பு இருக்கு.

எங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல கோயில் பக்கத்து கார் பார்க்கிங்ல வந்து நிப்பார், நம்ம ஆளு வேத்தாளுன்னு இல்ல, வாங்கப்போற கார யார் கொண்டாந்தாலும் பாத்து சொல்லுவார், காசு வேணாம். நான் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், பேப்பரை கொண்டாங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி.

இப்படிக்கு,
ஒரு வாசகி
சாட்ஸ்வொர்த், டர்பன்